பூர்வீக நிலம்

ஸ்காட்லாந்து தேசத்தில் குலம் என்றால் அதற்கு ஒரு தலைவர் உண்டு. ஒரு கோட்டை உண்டு. அந்தக் குலத்துக்கே உரிய கட்டம் போட்ட கம்பளித் துணியும் உண்டு. மெக்கன்ஸி குலத்தின் சந்ததியார் கானடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் யாத்திரை வருவது போல் வந்து, லியோட் கோட்டை வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். 2009-ம் வருஷத்தில், உலகெங்கும் சிதறிப் போன தம் மக்களைத் தாயகத்துக்கு வரும்படி அந்நாட்டு அரசாங்கத்தாரே அழைத்தார்கள்.

ஆனால், வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டையில் வாழ்ந்தவர்களின் வாரிசுகள் அல்லர். 1746-ல் கல்லோடன் யுத்தத்துக்குப் பிறகு குலத் தலைவர்கள் மெள்ள மெள்ள வெறும் ஜமீன்தார்களாகி விட்டார்கள். குடிகளைவிட ஆடுகள் அதிக லாபம் தரும் என்று கண்டதும், குடிகளை வெளியேற்றி ஆடுகளைக் குடியேற்றினார்கள். வடகோடியில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் கிராமம் கிராமமாகக் காலி செய்யப்பட்டது. அந்தக் குடிசைகளின் இடிந்த அஸ்திவாரங்களை இன்று பிரயாணிகளுக்குக் காட்டுகிறார்கள். கோட்டையைப் போலவே குட்டிச் சுவரும் பார்க்க வேண்டிய இடமாகிவிட்டது. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஏனென்றால், நம் செங்கற்பட்டுச் சீமைக்கும் இப்படிப்பட்ட யாத்ரீகர்கள் உரியவர்கள். 1860-ம் வருஷம் அக்டோபர் மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் போனவர்கள் 342 பேர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அவர்கள். 1911-ல் இந்த ஏற்பாடு நிறுத்தப்படும் வரையில் 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். செங்கற்பட்டு ஜில்லாவின் கிராமங்களிலிருந்து போனவர்கள் அவர்களில் அநேகர்.

கூலிக்கு ஆள் பிடித்தவர்கள் கணக்கில் மட்டும் குறை வைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். அந்தக் கப்பல் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. தமிழ் பேச மறந்துபோன பேரனும் கொள்ளுப்பேத்தியும் அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறி வருகிறார்கள்.

வந்த பிறகு இரண்டு சங்கடங்கள். முதலாவது, வெள்ளைக்கார குமாஸ்தாவின் காது. நம் ழகரமும் றகரமும் அந்தக் காதில் நுழைந்து வெளியே வந்தபோது, ஊர்ப் பெயர்கள் உருமாறிப் போயின. இரண்டாவது, ஜில்லாவின் எல்லை. 'செங்கற்பட்டு' என்று பதிவேட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் செங்கற்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கினால் போதாது. அந்தக் காலத்து ஜில்லாவில் காஞ்சீபுரம், மதுராந்தகம், திருவள்ளூர், பொன்னேரி, சைதாப்பேட்டை எல்லாம் அடக்கம். தாலுகாவின் பெயரைக் கவனியாதவர், பொன்னேரிக்கு அருகே தேட வேண்டிய ஊரைத் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

இவை இரண்டையும் தாண்டிக் கிராமத்தை அடைந்தாலும், மூன்றாவது சங்கடம் ஒன்று காத்திருக்கிறது. வந்தவர், "எங்கள் பாட்டனாரின் நிலம் எது?" என்று கேட்கிறார். ஊராரோ, "நீங்கள் எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள்!

போனவர்களில் பலருக்கு நிலமே இருந்ததில்லை. 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த ட்ரெமன்ஹீர், ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும், கடனுக்காகப் பண்ணைகளில் அடிமைப்பட்டுக் கிடந்ததையும் அதில் எடுத்துக் காட்டினார். அதன் பயனாக, 1892-ல் அவர்களுக்குத் தரிசு நிலம் வழங்க அரசாங்கம் உத்தரவிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று சொல்வது அதைத்தான். அந்த நிலமும் பல இடங்களில் கைமாறிப் போயிற்று. இதே வட்டாரத்துக் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்பதற்கான கிளர்ச்சியில், 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் போலீஸார் சுட்டு இருவர் மாண்டார்கள்.

அப்படியானால், நிலமில்லாதவனுக்குப் பூர்வீக நிலம் ஏது? உண்டு என்றே நாம் சொல்வோம். அவன் சேற்றில் இறங்கி நாற்று நட்ட வயல் அவனுடைய பூர்வீகம். அவன் வெட்டிக் கரை கட்டிய ஏரி அவனுடைய பூர்வீகம். பட்டா யார் பெயரில் இருந்தாலும் உழைப்பின் சாஸனத்தை அழிக்க முடியாது. 1915-ல் மகாத்மா காந்தி தில்லையாடிக்குப் போனார் அல்லவா? தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்த சிறுமி வள்ளியம்மையின் குடும்பத்து ஊர் அது. அவர் அங்கே கோட்டையைப் பார்க்கப் போகவில்லை. வள்ளியம்மையின் ஊர் என்பதற்காகவே போனார்.

அயல்நாட்டுத் தமிழ் இளைஞர்களுக்காக 'வேர்களைத் தேடி' என்னும் சுற்றுலாவைத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் நடத்தி வருகிறார்கள். நல்ல காரியம். மாமல்லபுரத்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் கண்டு அவர்கள் பெருமை கொள்ளட்டும். ஆனால் பல்லவ ராஜாக்கள் அவர்களுடைய பாட்டனார்கள் அல்லர். பாட்டனாரின் ஊர், அங்கிருந்து மேற்கே சில மைல் தூரத்தில் ஓர் ஏரிக்கரை ஓரமாக இருக்கலாம்.

ஆகையால், செய்யக்கூடிய காரியம் ஒன்றைச் சொல்கிறோம். கப்பல் பதிவேடுகளில் உள்ள பழைய செங்கற்பட்டு ஜில்லாப் பெயர்களைத் தமிழில் எழுதி, தாலுகா வாரியாகவும் கிராம வாரியாகவும் பிரித்து, அந்தந்த ஊரின் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வாசகசாலையிலும் வைக்க வேண்டும். குமாஸ்தா கெடுத்த பெயரை ஊர்க் கிழவர் ஒருவர் நொடியில் திருத்திவிடுவார். அந்தக் கிழவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். இதுவரையில் போனவர்களின் சந்ததியார்தான் ஊரைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்கள். ஊரும் அவர்களைச் சற்றுத் தேடட்டும். தேடிக் கண்டபின், எந்தத் தெரு என்று கேளாமல் எல்லாத் தெருவாரும் எதிர்கொண்டு அழைக்கட்டும்.