பரணில் கிடந்த இசைத்தட்டு

சென்ற திங்கள் மாதுங்காவிலுள்ள எமது இல்லத்திற்கு வெள்ளையடிக்க நேர்ந்தது. பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டியில், பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில், அகன்றதோர் இசைத்தட்டு கிடைத்தது. கப்பலில் பணிபுரிந்த எம் தமையனார் நியூயார்க்கிலிருந்து கொணர்ந்த "டென் பர்சென்ட்" அது. ஒரு காலத்தில் எமக்கு உயிரான பாட்டு. நாற்பதாண்டுகளுக்கு மேலாக நாம் அதனைத் தொடவில்லை.

இளைய அன்பர்கள் அறியும்பொருட்டு ஒரு வார்த்தை. அந்நாளில் தனிப்பாடல்கள் 7 அங்குலத் தட்டில் மூன்று, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். 1970களின் நடுவில், அமெரிக்காவில் டாம் மோல்ட்டன் என்பார் ஒரு பாட்டுக்கு மாதிரித் தட்டு வெட்டச் சென்றார். 7 அங்குல வெறுந்தட்டுகள் தீர்ந்திருந்தமையால் 10 அங்குலத் தட்டில் வெட்டினர். முள் ஓடும் வரிகள் நெருக்கமின்றி அகன்று அமைந்தன. ஒலியோ முன்னிலும் ஓங்கி முழங்கிற்று! இத்தற்செயலிலிருந்தே 12 அங்குலத் தனிப்பாடல் தட்டு பிறந்தது. 1976இல் சால்சோல் நிறுவனம் அவ்வடிவில் பொதுமக்களுக்கு விற்ற முதல் தட்டு, பிலடெல்பியாவின் டபிள் எக்ஸ்போஷர் குழுவினர் பாடிய இப்பாட்டே. நடனக்கூடத்தில் தட்டுகளைச் சுழற்றிவந்த வால்ட்டர் கிப்பன்ஸ் என்னும் இளைஞர், அதனைப் பகுத்துத் தொகுத்து ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீட்டினார். குரல் ஓய்ந்த இடங்களில் தாளமும் தந்தி வாத்தியங்களும் தாமே பேசிக்கொள்ளும்.

ஆண்டுக்கு ஒரு திங்களே அண்ணா இல்லம் வருவார். வந்தால் இரவுதோறும் அத்தட்டுதான். ஓரிரவு, மறுநாள் தேர்வு என்னும் பதற்றத்தில், "இன்னும் எவ்வளவு நேரம் அண்ணா?" என்று சினந்து, பாட்டின் நடுவே முள்ளை எடுத்துவிட்டோம். அவர் ஒன்றும் கூறாமல் தட்டை உறையிலிட்டார். அடுத்த பயணத்திலிருந்து அவர் திரும்பவில்லை.

இப்பொழுது அண்டை வீட்டுப் பிள்ளை தன் புதிய கருவியில் அதனைச் சுழலவிட்டான். கீறல் ஒலியினூடே பாட்டு எழுந்தது. அன்று நாம் முள்ளை எடுத்த இடமும் வந்தது, கடந்தது. அதற்கப்பாலும் தாளம் சென்றுகொண்டேயிருந்தது. இறுதிவரை அசையாது அமர்ந்திருந்தோம்.

காதலியின் அன்பில் சிறு பங்கேனும் கிட்டினால் போதும் என்பதே அப்பாட்டின் கருத்து. ஆண்டிலொரு திங்கள் எமக்குக் கிட்டியது. அதிலும் ஒன்பது நிமிடங்களை எண்ணிப் பார்த்துக் கொடுத்தோம்.

அன்பர்களே, விடுமுறைக்கு வரும் உடன்பிறந்தாரிடம், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேளாதீர்கள்.