பேய் அல்ல, ஐயா!

நானே இரண்டொரு பேய்க் கதைகள் எழுதிக் காசு வாங்கியவன். பேயின் லட்சணம் எனக்குத் தெரியும். சுவருக்குள் புகுந்து வரும், கையில் அகப்படாது, ஊர் பேர் சொல்லாது. ஆகையால் 2025 பிப்ரவரியில் பத்திரிகைகள் நியூட்ரினோவை மறுபடியும் 'பேய்த் துகள்' என்று எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது.

நடந்தது இதுதான். சிஸிலித் தீவுக்கு அப்பால், கடலில் 3,450 மீட்டர் ஆழத்தில், கண்ணாடிக் கோளங்களுக்குள் ஒளியுணரும் குழல்களை வைத்துச் சரம் சரமாக நிறுத்தியிருக்கிறார்கள். 2023 பிப்ரவரி 13-ந் தேதி, அந்த இருட்டில் நீல ஒளி ஒன்று கோடிழுத்துப் போயிற்று. நியூட்ரினோ ஒன்று மோதிப் பிறப்பித்த மியூவான் என்ற துகளின் ஒளி. இரண்டு வருஷம் கணக்குப் போட்டார்கள். நியூட்ரினோவின் சக்தி சுமார் 220 பெட்டா எலெக்ட்ரான் வோல்ட். ஜெனீவாவின் ராட்சத யந்திரம் ஒரு புரோட்டானுக்கு ஏற்றக்கூடியதைப் போல் 30,000 மடங்கு!

வந்த திசை தெரியுமா? ஏறக்குறையப் படுக்கை வாட்டம். விஷயமே அதில்தான் இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் சாதுவான நியூட்ரினோக்கள் பூமியை ஊடுருவிப் போய்விடும். சக்தி ஏற ஏற, அணுக்கருவோடு மோதும் வாய்ப்பும் ஏறுகிறது. இது கீழேயிருந்து வந்திருந்தால் பூமியின் வயிற்றுக்குள்ளேயே தீர்ந்துபோயிருக்கும். தலைக்கு நேர் மேலிருந்து வந்திருந்தால் மோதுவதற்குப் போதிய சரக்கு குறுக்கே கிடையாது. பூமி இப்படி விழுங்குவதைத் தென்துருவப் பனிக்கட்டிக்குள் 5,160 ஒளிக்கண்களைப் புதைத்திருக்கும் ஐஸ்கியூப்காரர்கள் 2017-ல் அளந்தே காட்டினார்கள். சுவரில் முட்டிக்கொள்ளும் பேயைப் பற்றி எந்தப் பாட்டி கதை சொன்னாள்?

ஊர் பேரும் உண்டு. மின்னேற்றம் இல்லாததால் வழியில் எந்தக் காந்தமும் இதை வளைப்பதில்லை. அதே ஐஸ்கியூபில் 2017 செப்டம்பர் 22-ல் சிக்கிய ஒன்று வந்த வழியே திரும்பிப் பார்த்தார்கள். சுமார் 400 கோடி ஒளிவருஷத்துக்கு அப்பால், நடுவே பிரம்மாண்டமான கருந்துளையுள்ள ஒரு நட்சத்திர மண்டலம் அந்தத் திசையில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"விஞ்ஞானிகளே பேய் என்றார்களே!" என்பீர்கள். வாஸ்தவம். ரைன்ஸும் கௌவனும் 1951-ல் தங்கள் முயற்சிக்கே ஒரு குறும்புப் பேயின் பெயரை வைத்தார்கள். 1956-ல் பிடித்தும் விட்டார்கள். பிடிக்குமுன் செய்த கேலியை இன்னுமா கட்டிக்கொண்டு அழுவது? பேய் என்றால் வாசகர் பயப்படுவார், அல்லது கொட்டாவி விடுவார். எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கமாட்டார். சிஸிலிக் கடலில் அகப்பட்டதற்கு ஊர் இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள்.