சைக்காலஜி சேரப்போறீங்களா? இந்த 3 கேள்விகளைக் கேளுங்க!

'சைக்காலஜியா? என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம்!' - இந்தத் துறை மாணவர்கள் கேட்டுச் சலித்த கேள்வி. ஆனா, இப்போ அவங்க முன்னாடி நிக்கிற கேள்வி வேற.

2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது எனச் சொல்லிவிட்டது யு.ஜி.சி. மனிதர்களை நேர்ல பார்க்காம மனநலம் படிக்க முடியாதுதான். ஆனா, வேலைக்குப் போய்க்கிட்டே படிக்க நினைச்சவங்களுக்குக் கதவு மூடிடுச்சு. சென்னை ஹாஸ்டல் செலவைத் தாங்க முடியாதவங்களுக்கு, பக்கத்து ஊர் சின்ன காலேஜ்தான் ஒரே வழி.

அங்கே வகுப்பு சின்னது; பேராசிரியருக்கு உங்க பேர் தெரியும். அது பெரிய பலம். ஆனா, இளநிலைப் பட்டம் மட்டும் உங்களை கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்காது. அதுக்கு, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மேற்படிப்பை முடிச்சு, அங்கே பதிவும் செய்யணும்.

அதனால ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. லேப்ல உளவியல் சோதனைக் கருவிகள் இருக்கா? இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புறீங்க? போன பேட்ச் சீனியர்ஸ் இப்போ எங்கே படிக்கிறாங்க?

மூணுக்கும் நேரடி பதில் வந்தா, காலேஜ் சின்னதா இருக்குறது ஒரு குறையே இல்ல. மழுப்பினா, அடுத்த காலேஜ் வாசலுக்குப் போங்க!