‘பீச் ஸ்டேஷன்ல பீச் எங்கக்கா?’

“அக்கா, பீச் ஸ்டேஷனுக்கு வந்துட்டோம். ஆனா பீச்சைத்தான் காணோம்!”

ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் தூக்கத்தைக் கலைத்த போன் இது. காலாண்டு லீவுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தையும், ஏழாவது படிக்கும் அத்தை பையனும் வந்திருந்தார்கள். தங்கியிருந்தது தாம்பரத்தில், சொந்தக்காரர் வீட்டில். ‘மெரினா போகலாம், கிளம்பும்போது போன் பண்ணுங்க’ என்று சொல்லியிருந்தேன். போன் எல்லாம் எதற்கு? ரயிலில் ‘சென்னை கடற்கரை’ என்று போர்டைப் பார்த்ததும் அத்தையை இழுத்துக்கொண்டு ஏறிவிட்டான் பையன். கடைசி ஸ்டேஷன் வேறு. கடைசி ஸ்டேஷனுக்கு அப்பால் கடல்தானே இருக்க வேண்டும்?

நான் போய்ச் சேர்ந்தபோது, ராஜாஜி சாலையில் இன்னும் திறக்காத பர்மா பஜார் கடைகளுக்கு முன்னால் இருவரும் நின்றிருந்தார்கள். ஒரு பக்கம் பழைய சிவப்புக் கட்டடங்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் துறைமுகத்தின் கிரேன்கள். கடல் மட்டும் கண்ணில் படவில்லை.

“ஏட்டி, கடல எங்க ஒளிச்சு வச்சிருக்கீய?” என்றார் அத்தை.

சிரித்துவிட்டாலும், யோசித்தால் அது நியாயமான கேள்வி. இந்த ஸ்டேஷனின் பெயர் பொய் இல்லை. ஒரு காலத்தில் அலை இந்தச் சாலைக்குப் பக்கத்தில்தான் அடித்தது. ராஜாஜி சாலைக்கே அப்போது ‘ஃபர்ஸ்ட் லைன் பீச்’ என்றுதான் பெயர். கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் வேலை முடியும் தறுவாயில் வந்த புயல், கட்டியதில் பெரும்பகுதியைப் பெயர்த்துப்போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள். கடல் தள்ளிப்போனது, பெயர் தங்கிவிட்டது. 1931-ல் இங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோதும் அதே பெயர்தான்.

“அப்போ அந்த பீச் எங்கதான்க்கா போச்சு?”

மெரினாவைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தேன். “வா, முதல்ல அதைத் தேடுவோம்.”

ராயபுரம்: 5 ரூபாய் டிக்கெட்

கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது இங்கிருந்துதான். உயரமான தூண்களோடு அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. சென்னையில் பிறந்து வளர்ந்த என் நண்பர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்ததில்லை. பையன் தூணைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டான்.

ஆட்டோவில் போகும்போது ராயப்பர் கோயிலை எட்டிப் பார்த்தோம். ராயப்பர் என்றால் புனித பேதுரு. ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். மசூலா படகு ஓட்டியவர்கள் தங்கள் காசில் எழுப்பிய கோயில் இது. துறைமுகம் வந்தபின் அந்தப் படகுகளுக்கு வேலை இல்லாமல் போனது.

காசிமேடு: கல்லுக்கு அந்தாண்ட

ஞாயிற்றுக்கிழமை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏலச் சத்தம், ஐஸ் உடைக்கும் சத்தம், ‘தள்ளு தள்ளு’ என்று வரும் கூடைகள். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு அத்தை இரண்டடி பின்னால் போனார். மத்தியைக் காட்டி “இது எங்க ஊர்ல சாளை” என்று ஒரு மீன்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். நாள் முழுக்கச் சுற்ற வேண்டும் என்பதால் மீன் வாங்கவில்லை. வாங்கியது நெத்திலிக் கருவாடு. அந்தப் பையின் வாசம் அன்று முழுக்க எங்களோடு ஊர் சுற்றியது, அது தனிக்கதை.

பையன் தன் கேள்வியை அந்த அம்மாவிடமும் கேட்டான். “இங்க பீச் எங்க ஆன்ட்டி?”

அந்த அம்மா கையால் வடக்கே காட்டினார். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் பக்கம் கடலோரமாகப் போகும் சாலை. அங்கே மணல் இருக்க வேண்டிய இடத்தில் கருங்கல் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. அலை நேராகக் கல்லில் மோதி, சாலை வரை தெறிக்கிறது.

“தோ, அந்தக் கல்லு தெரியுது பாரு. அதுக்கு அந்தாண்ட ஒரு தெருவே இருந்துச்சு. எங்க மாமியார் வூடு அங்கதான். நான் கட்டிக்கினு வந்தப்போ வாசல்ல வலை காயப்போடுவோம். இப்போ அங்க போட்டுதான் ஓட்டலாம்.”

சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மீன் எடை போடப் போய்விட்டார். அத்தை கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஏன் இப்படி ஆனது? பையனுக்கு அவன் ஊர் ஆற்றை வைத்தே சொன்னேன். ஓடுகிற வாய்க்காலில் ஓரமாக ஒரு கல்லை நீட்டி வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் வருகிற பக்கம் மண் சேரும். மறுபக்கம் மண் வராமல் கரை அரிக்கும். சென்னைக் கரையிலும் அதுதான் நடக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி நாட்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. கடலுக்குள் நீண்டிருக்கும் துறைமுகச் சுவர் அந்த மணலை மறிக்கிறது. அதனால் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போகிறது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால், கடல் அங்கே கரையைத் தின்கிறது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கற்களும், கடலுக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளும்.

“தெக்க எங்க மண்ணு சேர்ந்துச்சு?” என்றான் பையன்.

“நீ காலையில தேடிட்டு வந்த இடத்துலதான்டா.”

மெரினா: 263 மீட்டர்

பீச் ஸ்டேஷனுக்கே திரும்பி, சாப்பிட்டுவிட்டு, பறக்கும் ரயில் பிடித்துக் கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினோம். அத்தைக்கு முழங்கால் வலி, லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லித்தான் கலங்கரை விளக்கத்துக்கே சம்மதித்தார். மேலே போய் வடக்கே பார்த்தால், காலையில் சுற்றியது மொத்தமும் புரிந்துவிடுகிறது. தொலைவில் துறைமுகக் கிரேன்கள். அங்கிருந்து நம் காலடி வரை விரிந்து கிடக்கும் மணல். 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் இங்கே நடைபாதை போட்டு ‘மெரினா’ என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகும் மணல் சேர்ந்துகொண்டேதான் இருந்தது.

எவ்வளவு மணல் என்பது அத்தையின் காலுக்குத் தெரிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-ல் மெரினாவில் போட்ட மரப்பாதை இருக்கிறதே, அதன் நீளம் 263 மீட்டர். முதியவர்களுக்கும் அது பெரிய உதவி. அத்தை இரண்டு இடத்தில் நின்று நின்று, கடைசியில் அலை பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டார். அறுபது வயதில் முதன்முதலாக மெரினா அலையைப் பார்க்கிறார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

சுண்டல், பலூன் சுடுதல், குதிரை, மிளகாய் பஜ்ஜி எல்லாம் வழக்கம்போல. பையன் மணலில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று தலையைத் தூக்கி, “அப்போ இது அந்த ஆன்ட்டி வீட்டு மண்ணாக்கா?” என்றான்.

கணக்குப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. துறைமுகம் இல்லாமல் இந்த நகரம் வளர்ந்திருக்காது, இந்த மெரினாவும் இப்படி இருந்திருக்காது. ஆனால், நாம் பஜ்ஜி சாப்பிடும் இந்த மணலுக்கு விலை கொடுத்தது வடசென்னை. அங்கே வீடு இழந்தவர்கள் பேசும்போது, ‘கடல் ஓரத்துல கட்டினா அப்படித்தான்’ என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். அவர்கள் கடலைத் தேடிப் போகவில்லை. கடல்தான் அவர்கள் வாசலுக்கு வந்தது. நானும் போன வாரம் வரை மெரினாவோடு திரும்பி வந்துவிடுகிற ஆள்தான்.

நீங்களும் போறீங்களா?

* காசிமேட்டுக்கு ஞாயிறு என்றால் விடிவதற்குள் போய்விடுங்கள். நாங்கள் போனது லேட். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது.
* வழுக்காத செருப்பு அவசியம். பாறைகள் மேல் ஏறி செல்ஃபி வேண்டவே வேண்டாம்.
* கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.
* மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே அலையின் இழுப்பு அதிகம்.
* வெளியூர் சொந்தங்களை ‘பீச்சுக்கு வாங்க’ என்று கூப்பிடும்போது, எந்த ஸ்டேஷன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்!

அடுத்த ஞாயிறு வேறொரு பக்கம் சுற்றலாம். கருவாட்டுப் பை இல்லாமல்.