பன்றிகள் காட்டிலிருந்து வருவதில்லை



மானாவாரியில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுகிறவன் நான். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில்தான் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கும். தின்பதைவிடச் சாய்ப்பது அதிகம். கடலைக்காட்டில் சால் பிடித்து உழுததுபோல மூக்கால் கிளறிக்கொண்டே போயிருக்கும். விடிந்து பார்த்தால் செடி தலைகீழாகக் கிடக்கும், காய் இருக்காது. வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினோம். நாலு நாள் மிரண்டன. ஐந்தாம் நாள் சேலைக்கு அடியில் நுழைந்து வந்துவிட்டன.

காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் எங்கள் ஊர்ப் பன்றிகள் இப்போது காட்டிலிருந்து வருவதே இல்லை. ஓடையிலும் கண்மாயிலும் மண்டிய சீமைக்கருவேலம் புதருக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகுகின்றன. மனுக் கொடுத்து ஆள் வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடுகிறது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே சுட உத்தரவிட முடிகிறது. இங்கும் அந்த அதிகாரம் ஊராட்சிக்கு வேண்டும்.

இல்லையென்றால் திருட்டு மின்வேலியும், தீனிக்குள் வெடியை வைக்கும் அவுட்டுக்காயும்தான். அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் சிதைந்து, பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதன் மின்கம்பியை மிதித்துச் சாகிறான். ஓர் உயிரைக் கொல்லச் சொல்லிக் கேட்பது எனக்கு உவப்பான காரியமில்லை. அதனால்தான் ஓடைப் புதர்களை முதலில் வெட்டச் சொல்கிறேன். இந்தக் கோடையிலேயே தொடங்க வேண்டும். புரட்டாசியில் விதைப்பு வந்துவிடும்.

– ஒரு மானாவாரி விவசாயி,
விருதுநகர் மாவட்டம்