கடைப் பிள்ளையும் கம்ப்யூட்டர் வேலையும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், நமது மண்டிக்கு வருகிற அண்ணாச்சிமார் துவரம் பருப்பு என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், "பையனைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்க்கலாமா, கடையில் உட்கார வைக்கலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தியவன். கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல உமக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரே ஒரு தகுதி உண்டு. நாற்பது வருடமாக இருநூறு கடைகளுக்கு மேல் வத்தல், மல்லி, பருப்பு போட்டு வருகிறேன். எந்தக் கடைப் பிள்ளை எங்கே போனான், அதற்குப் பிறகு அந்தக் கடை என்ன ஆயிற்று என்பது என் பற்றுவரவு நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

இந்தத் தொழில் நமக்கு அந்நியமானது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. எச்.சி.எல். கம்பெனியை 1976-ல் ஆரம்பித்த சிவ நாடார் பிறந்த மூலைப்பொழி நமது திருச்செந்தூர் பக்கத்துக் கிராமம்தான். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி 2011-ல் வந்தது. சென்னை தரமணியில் 2000-ல் டைடல் பார்க் திறந்த பிறகு நம் ஊர்ப் பிள்ளைகள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி வரிசையாகப் போனார்கள். 2024 டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியிலேயே சிறிய டைடல் பார்க் ஒன்றையும் திறந்துவிட்டார்கள். ஆகவே "அதெல்லாம் மெட்ராஸ்காரன் வேலை" என்ற பேச்சு இனி செல்லாது.

அந்த வேலையில் உள்ள நன்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம் பாங்கியில் விழுகிறது. பிராவிடண்ட் பண்டு உண்டு. பல கம்பெனிகளில் மருத்துவ இன்சூரன்ஸ் தாய் தகப்பனுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. சனி, ஞாயிறு விடுமுறை. நமக்கு என்ன இருக்கிறது? காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு பத்தரை வரை நின்ற கால் நின்றபடி. கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டியவுடன் மொய் எழுதிவிட்டு ஓடி வர வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தொழில் செய்த உபகாரம் இன்னும் பெரிது. எத்தனை கடைகளில் மகளைக் கல்லாவில் உட்கார வைத்தோம்? வைத்திருந்தாலும் கடையை அவள் பேருக்கு எழுதினோமா? அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து போன பெண்கள் இன்று தகப்பனாரின் பாங்கிக் கடனை அடைக்கிறார்கள். நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு நடுத்தரப் பலசரக்குக் கடை. தினசரி வியாபாரம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்குப் பத்து நின்றால் நாளுக்கு 1,200, மாதத்துக்கு 36,000. இதில் கடை வாடகை 6,000, கரண்ட் 2,500, வேலைப் பையன் சம்பளம் 9,000, வராத கடன், எலி, எடைக் குறைவு எல்லாம் சேர்த்து 2,500. ஆக 20,000 போக நிற்பது 16,000. இந்தப் பதினாறாயிரம் யாருடைய உழைப்பு? அண்ணாச்சி, வீட்டம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்து பொட்டலம் மடிக்கிற மகன் ஆகிய மூன்று பேருடையது. சொந்தக் கட்டிடம் என்றால் வாடகை இல்லையே என்பார்கள். அதை வேறொருவருக்கு விட்டிருந்தால் அந்த 6,000 வந்திருக்குமே, அதை எந்த நோட்டில் எழுதுகிறோம்?

மறுபக்கத்தையும் அதே தராசில் வைப்போம். பெரிய கம்பெனிகள் புதிதாகச் சேர்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற சம்பளம் வருடத்துக்கு மூன்று லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம். பத்துப் பதினைந்து வருடமாக அது பெரிதாக ஏறவில்லை. பருப்பு விலை ஏறிய வேகத்தில் அது ஏறியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. பிடித்தம் போகக் கையில் மாதம் 25,000 என்று வையுங்கள். சென்னையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் 14,000. படிப்புக்கும் விடுதிக்கும் ஆறு லட்சம் கடன் வாங்கியிருந்தால் தவணை 8,000. மிச்சம் 3,000. கடையில் இருக்கிற பையனுக்கு அரிசியும் எண்ணெயும் அடக்க விலையில் வீடு வந்து சேர்கிறது. ஆகவே முதல் நான்கைந்து வருடம் இரண்டு தட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் பிரிகிறது. தொழிலைக் கற்றுக்கொண்ட பையன் ஒரே தாவலில் எழுபதாயிரம், லட்சம் என்று போகிறான். கற்றுக்கொள்ளாதவன் வெளியே வருகிறான். நாம் முதலாமவனின் காரை மட்டும் பார்க்கிறோம். இரண்டாமவன் தீபாவளிக்குக்கூட ஊருக்கு வருவதில்லை, அதனால் அவன் நம் கண்ணில் படுவதில்லை.

முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நம் கடலில் நடக்கவில்லை. அந்தக் காலத்து ஏலத்தைப் பற்றி என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். திறந்து பார்க்க முடியாது. எடுத்தவன் அதை அழுக விட்டு, கழுவி, அரித்துப் பார்த்த பிறகுதான் முத்து எத்தனை, வெறும் ஓடு எத்தனை என்று தெரியும். கடையை அடமானம் வைத்து நன்கொடை கொடுத்து வாங்குகிற இன்ஜினியரிங் சீட்டும் அப்படிப்பட்ட ஏலம்தான். கைமுதல் உள்ளவன் நாலு குவியல் எடுத்து ஒன்றில் விட்டதை மற்றதில் பிடிப்பான். நமக்கு இருப்பது ஒரு குவியல்.

அந்த வேலை நிலையானதும் அல்ல. 2001-ல் அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் விழுந்தபோதும், 2008-ல் அங்கே பாங்கிகள் விழுந்தபோதும் இங்கே சேர்க்கை நின்றது. 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் கணக்குப் பொய் என்று அதன் தலைவரே எழுதிக் கொடுத்தார். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்மட்டப் பதவியில் இருப்பவர்கள். அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதுகிற புரோகிராமை இப்போது ஏ.ஐ. சில நிமிடத்தில் எழுதிவிடுகிறது என்கிறார்கள். நம் தொழிலில் நாற்பத்தைந்து வயது என்பது லாரிக்காரனும் பாங்கிக்காரனும் மரியாதை கொடுக்க ஆரம்பிக்கிற வயது. அங்கே அது வீட்டுக்கு அனுப்புகிற வயதாகிக் கொண்டிருக்கிறது.

அதற்காகக் கடைதான் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டும், போனில் கேட்டால் வீட்டில் கொண்டு வந்து போடுகிறவனும் நம் வாடிக்கையைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். பெண் தேடப் போனாலோ, சொந்த வீடும் நாலு தெரு அறிந்த கடையும் உள்ள பையனை விட்டுவிட்டு வாடகை அறையில் இருக்கிற கம்பெனிக்காரனுக்குத்தான் நம் ஆட்களே பெண் கொடுக்கிறார்கள். கடைக்காரர் மகளைக் கடைக்காரருக்குக் கொடுக்க யோசிக்கிறோம். பிறகு வாரிசு இல்லை என்று ஷட்டரை இறக்குகிறோம். என் நோட்டில் கடந்த பத்து வருடத்தில் கணக்கு முடித்துக்கொண்ட கடைகளில் பாதிக்கு மேல் நட்டத்தில் மூடியவை அல்ல, ஆள் இல்லாமல் மூடியவை.

என் அபிப்பிராயம் இதுதான். மார்க்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கணக்கு எங்கே தப்புகிறது என்று தானே தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளை, ஆணோ பெண்ணோ, அந்த வேலைக்குப் போகட்டும்; பிடித்து வைக்க வேண்டாம். ஆனால் கடைப் பத்திரத்தைப் பாங்கியில் வைத்து அனுப்ப வேண்டாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அரசாங்கக் கட்டணச் சலுகை இருக்கிறது, நம்மில் பலர் அந்தச் சான்றிதழை வாங்குவதே இல்லை. ஸோஹோவும் எச்.சி.எல்.லும் பிளஸ் டூ முடித்தவர்களையே எடுத்துப் பழக்குகிற திட்டங்கள் வைத்திருக்கின்றன. அதையும் விசாரியுங்கள்.

கடையில் இருக்க விரும்புகிற பையனுக்கு இந்த மாதத்திலிருந்தே சம்பளம் எழுதுங்கள். வேலைப் பையனுக்கு 9,000 கொடுத்துவிட்டு, மகன் சினிமாவுக்கு நூறு ரூபாய் கேட்டால் கல்லாவை மூடுகிறோம். அவன் ஏன் இருப்பான்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நம்மில் எத்தனை பேர் ஆடிட்டர் வாசலில் போய் நின்றோம்! பில் போடுவதையும், இருப்புக் கணக்கையும், போனில் ஆர்டர் பிடிப்பதையும் அவன் பொறுப்பில் விடுங்கள். அவன் தப்பாகக் கொள்முதல் செய்தால் நட்டம் இரண்டு மூட்டைதான்.

மே மாதம் பிறந்தால் கல்லூரித் தரகர்கள் பஜாரில் கடை கடையாக ஏறுகிறார்கள். நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம் என்று அச்சடித்த நோட்டீஸ் நமது சங்கக் கட்டிடத்திலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றும், அதற்குப் பதிலாக அந்த வேலையில் பத்து வருடம் இருந்த நம் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரையும், வேலை போய்த் திரும்பி வந்தவர்கள் இரண்டு பேரையும் ஒரு ஞாயிறு மாலை அழைத்துப் பேசச் சொல்ல வேண்டும் என்றும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய விரும்புகிறவர்கள் முன்கூட்டியே செயலாளரிடம் பெயர் கொடுத்து வைக்கவும். டீ, வடைச் செலவு என் மண்டிக் கணக்கில்.