பிறர் பாட்டும் தன் குரலும்

பாட்டை எழுதியவர் ஒருவர்; அதற்கு மெட்டமைத்தவர் வேறொருவர்; வாத்தியங்களை ஒழுங்குசெய்தவர் இன்னுமொருவர். இத்தனை பேருக்கும் பின்னால் வந்து வாயைத் திறக்கும் பாடகிக்கு அதிலே என்ன பங்கு? சென்ற கிழமை நம்மோடு அளவளாவிக் கொண்டிருந்த நண்பர் ஒருவர் இவ்வாறு வினவினார். "சொன்னதைச் சொல்வது கிளிப்பிள்ளையின் வேலைதானே" என்று ஒரு முத்தாய்ப்பும் வைத்தார். அவரோடு வாதாட நாம் முற்படவில்லை. வாதத்தால் தீராத சில வினாக்கள் செவியால் தீர்வதுண்டு. ஆகவே ஓர் இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டோம். அமெரிக்க ஜாஸ் பாடகி எலா பிட்ஸ்ஜெரல்ட் அம்மையாரின் குரல் அறையை நிறைத்தது. பாட்டு முடிந்த பின்னர் நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொரு முறை போடுங்கள், பார்ப்போம்" என்றார்.

அந்த இன்னொரு முறை எதனால் வேண்டியதாயிற்று என்பதைப் பற்றியே இவ்வாரம் நேயர்களோடு பேச விரும்புகின்றோம்.

எலா 1917ஆம் ஆண்டு ஏப்ரில் 25ஆம் திகதி வேர்ஜினியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் நகரிலே பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் நியூயோர்க்கை அடுத்த யொங்கர்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. பதினைந்தாவது வயதில் தாயை இழந்தார். அதன்பின் படிப்புக் கெட்டது. சீர்திருத்தப் பள்ளியொன்றில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பியோடி, கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் தெருக்களிலே ஆடியும் பாடியும் காலந்தள்ளினார்.

1934ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி இரவு, ஹார்லெமின் அப்பொலோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டியொன்று நடைபெற்றது. பதினேழு வயது எலா அங்கு சென்றது பாடுவதற்கன்று, ஆடுவதற்கே. ஆனால், அவருக்கு முன்னர் எட்வர்ட்ஸ் சகோதரிகள் என்போர் ஆடிய ஆட்டத்தைக் கண்டதும் அவருடைய கால்கள் கூசிவிட்டன. மேடையில் ஏறியாயிற்று, வெறுங்கையோடு இறங்கவும் முடியாது. எனவே, தாம் விரும்பிக் கேட்ட கொனி பொஸ்வெல் என்னும் பாடகியின் பாணியில் இரண்டு பாட்டுகளைப் பாடினார். முதற்பரிசாக இருபத்தைந்து டொலர் கிடைத்தது.

மறு ஆண்டில் சிக் வெப் என்னும் முரசு வித்தகரின் வாத்தியக் குழுவிலே சேர்ந்தார். நேர்த்தியான உடையும் ஒப்பனையும் இல்லாத இப்பெண்ணை மேடையேற்ற வெப் முதலில் தயங்கினாராம். அந்தத் தயக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1938இல், சிறுவர் விளையாட்டுப் பாட்டொன்றை விரித்து எலா பாடிய இசைத்தட்டு நாடெங்கும் புகழ்பெற்றது. 1939இல் வெப் காலமானபோது, இருபத்திரண்டு வயதே நிரம்பிய எலாவின் பெயரிலேயே அக்குழு 1942 வரை இயங்கியது.

அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அவர் நல்ல பாட்டுகளையும் பாடினார். நாலாந்தரப் பாட்டுகளையும் பாடினார். இசைத்தட்டுக் கம்பனியார் கொடுத்ததையெல்லாம் பாடினார் எனின் பொருந்தும். இந்நிலையை மாற்றியவர் நோர்மன் கிரான்ஸ் என்பவர். ஜாஸ் கச்சேரிகளை நடத்தி வந்த இவர், எலாவின் காரியதரிசி போலவும் காவலர் போலவும் விளங்கினார். 1956இல் வேர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை அவர் தொடங்கியதற்கு எலாவின் குரலே முதற் காரணம் எனலாம்.

கிரான்ஸ் எண்ணிய காரியம் கேட்பதற்கு எளியது. ஓர் இசைத்தொகுதி முழுவதிலும் ஒரே பாடலாசிரியரின் பாட்டுகள் மாத்திரமே இடம்பெற வேண்டும். அவருடைய வாழ்நாட் பணியைப் புத்தகம் போல் திறந்து காட்ட வேண்டும். பழைய தட்டுகளிலே இது கூடியதன்று. அவற்றின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். 1948இல் நெடுநேரம் சுழலும் தட்டுகள் வந்த பின்னரே, ஒரு பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேற்பட்ட இசையைப் பதிக்க முடிந்தது. கருவி வந்த பிறகு கருத்து வந்தது. கருத்துக்கு ஏற்ற குரலும் காத்திருந்தது.

முதலாவது நூல் கோல் போட்டரின் பாட்டுகள். 1956இல் வெளிவந்த இரண்டு தட்டுகளிலே முப்பத்திரண்டு பாட்டுகள் அடங்கின. வாத்தியங்களை ஒழுங்குசெய்த படி பிரெக்மனுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவ்வாண்டிலேயே ரிச்சர்ட் ரொட்ஜர்ஸ், லொரன்ஸ் ஹார்ட் இருவரது பாட்டுகள் வந்தன. 1957இல் டியூக் எலிங்டனின் தொகுதி. இதிலே எலிங்டன் தம் குழுவுடன் தாமே வந்து வாசித்தார். 1958இல் இர்விங் பேர்ளின். 1959இல் ஜோர்ஜ் கேர்ஷ்வினும் அவர் தமையனார் ஐராவும். 1961இல் ஹரல்ட் ஆர்லன். 1963இல் ஜெரோம் கேர்ன். 1964இல் ஜொனி மேர்சர். ஆக எட்டு நூல்கள். கேர்ஷ்வின் சகோதரர் தொகுதி மாத்திரம் ஐந்து தட்டுகளாக விரிந்தது. நெல்சன் ரிடில் என்பார் அதற்கு வாத்திய ஒழுங்கு செய்தார். எட்டிலும் சிகரம் எதுவென்று கேட்டால் நாம் அதனையே சுட்டுவோம்.

இனி, இப்பாட்டுகள் எத்தகையன என்பதைச் சிறிது நோக்குவோம். இவற்றுட் பெரும்பாலானவை நியூயோர்க்கின் புரோட்வே இசைநாடகங்களுக்காகவும் ஹொலிவூட் படங்களுக்காகவும் எழுதப்பட்டவை. நாடகம் மேடையை விட்டு இறங்கியதும் பாட்டு அநாதையாகிவிடும். நடன மண்டபங்களிலே வாத்தியக் குழுக்கள் அதனை எடுத்து வாசிக்கும். ஆனால், ஆடுவோரின் அவசரத்துக்காக அதன் தலையை வெட்டிவிடும். தலை என்று நாம் கூறுவது பாட்டின் தொடக்கத்திலே தாளத்துக்கு இறுகக் கட்டுப்படாமல் வரும் பகுதியை. நம்மவர் தொகையறா என்று கூறுவதற்கு இது ஓரளவு ஒப்பாகும். பாடுகின்றவர் யார், ஏன் இந்த ஏக்கம், யாரை நோக்கி இந்தக் கேலி என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்படும். எலா அம்மையார் இத்தொகுதிகளிலே பல பாட்டுகளுக்கு அந்தத் தலையை மீட்டுக் கொடுத்தார். அதனைக் கேட்ட பிறகு, பலமுறை கேட்டுப் பழகிய பாட்டுங்கூட முதன்முறை கேட்பது போலத் தோன்றுகின்றது.

தொகையறாவுக்குப் பின் வரும் முக்கிய பகுதி பெரும்பாலும் முப்பத்திரண்டு தாளக்கட்டுகள் கொண்டது. எட்டெட்டாக நான்கு கூறுகள். முதற் கூறின் மெட்டே இரண்டாவதிலும் வரும். மூன்றாவதில் வேறொரு மெட்டு தோன்றி நம்மைச் சற்றே வெளியே அழைத்துச் செல்லும். நான்காவதில் மீண்டும் வீட்டுக்கு வந்து சேர்வோம். போன வீடு அதுவே. ஆனால், போய்வந்தவர் பழைய ஆள் அல்லர். எலாவின் கலை இந்த நான்காவது கூறிலே நன்கு புலப்படும். ஒரு சொல்லை அரைக்கணம் தாமதித்து வைப்பார், ஒரு சுரத்தைக் கீழே இறக்குவார், அவ்வளவுதான். மெட்டு சிதையாது, சொல் மங்காது, ஆயினும் பாட்டின் முகம் மாறியிருக்கும். நம் நண்பரின் கிளிப்பிள்ளைக்கு இது இயலாத காரியம்.

சொல்லை அவர் உச்சரிக்கும் தெளிவையும் இங்கே கூறவேண்டும். ஏறக்குறைய மூன்று ஸ்தாயிகளிலே உலவும் அக்குரல், மேலே போனாலும் கூச்சலாகாது. கீழே வந்தாலும் முணுமுணுப்பாகாது. போட்டரின் குறும்பும் ஹார்ட்டின் கசப்பான நகையும் அவற்றை எழுதியவர்கள் விரும்பியவாறே நம் செவியில் வந்து விழும். எலா பாடக் கேட்கும் வரையில் தங்கள் பாட்டுகள் இத்துணை நல்லவை என்பது தமக்குத் தெரியாது என ஐரா கேர்ஷ்வின் கூறியதாகச் சொல்வர். பாடகியின் பங்கு என்ன என்ற வினாவுக்குப் பாட்டை எழுதியவரே அளித்த விடை இது.

எலிங்டன் தொகுதியிலோ இன்னொரு வித்தையைக் காண்கின்றோம். சில உருப்படிகளில் சொற்களே இல்லை. பொருளற்ற அசைகளைக் கோத்து, குரலை எக்காளமாகவும் குழலாகவும் ஆக்கி, வாத்தியக்காரரோடு வாத்தியமாய் நின்று பாடுகின்றார். இதனை ஸ்கட் என்பர். கற்பனாசுரம் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இதன் இன்பம் சட்டென்று பிடிபடும்.

இத்தனை சொன்ன பின், மாற்றாரின் கட்சியையும் சொல்லாமல் விடுவது நீதியன்று. எலாவின் குரலிலே வேதனை இல்லை என்பது பழைய குற்றச்சாட்டு. 1959இல் மறைந்த பில்லி ஹொலிடே சோகப் பாட்டைப் பாடினால் கேட்பவரின் நெஞ்சு கனக்கும். எலா பாடினாலோ சோகத்துக்குப் பின்னாலும் ஒரு புன்னகை தெரிகிறதே என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. போட்டர் தொகுதியின் சில பாட்டுகளிலே குரல் துயரத்தின் மேலே நடந்து போகிறதேயன்றி உள்ளே இறங்கவில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம். வாத்திய ஒழுங்கும் ஆங்காங்கே பகட்டாக இருக்கின்றது.

ஆனால், வேதனையை அறியாதவர் என்று மாத்திரம் எவரும் சொல்லிவிட வேண்டாம். 1955ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி, டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலே அவருடைய கச்சேரி. கறுப்பருக்கு ஓரிடம், வெள்ளையருக்கு ஓரிடம் என்ற பாகுபாடின்றி எல்லோரும் கலந்து அமர வேண்டும் என்பது கிரான்ஸ் விதித்த நிபந்தனை. அன்றிரவு பொலிசார் எலாவின் ஒப்பனை அறைக்குள் நுழைந்தனர். அங்கே சிலர் சூதுக்காய் உருட்டினர் என்று சொல்லி எலாவையும் டிஸி கிலெஸ்பி முதலியோரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். கைது செய்தவர்களே அவரிடம் கையொப்பமும் கேட்டனராம்! பிணையில் வந்து அன்றைய இரண்டாவது காட்சியையும் அவர் பாடி முடித்தார்.

அதற்கு நான்கு மாதங்களின் பின்னர், 1956 பெப்ரவரியில், போட்டரின் பாட்டுகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார். அந்தக் குரலிலே காழ்ப்பு ஒரு துளியேனும் உண்டா என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. இதனை உணர்ச்சிக் குறைவு என்று சொல்வாரும் உளர். நமக்கோ அது பெருந்தன்மையாகவும் உறுதியாகவும் படுகின்றது. தனக்குச் செய்த கொடுமையைப் பாட்டின்மேல் ஏற்றாமல், பாட்டுக்கு உரியதைப் பாட்டுக்கே கொடுப்பதும் ஒரு தவம் அல்லவா?

இன்னுமொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேர்ளின் ரஷியப் பேரரசிலிருந்து குழந்தையாய் வந்து குடியேறியவர். கேர்ஷ்வின் சகோதரரின் பெற்றோரும் அங்கிருந்தே வந்தவர்கள். ஆர்லனின் தந்தையார் யூத ஆலயத்திலே பாடியவர். இத்தகைய குடிகளின் பிள்ளைகள் எழுதிய பாட்டுகளை, வீடின்றித் திரிந்த ஒரு கறுப்பினப் பெண் பாடினார். இன்று அவற்றையே அமெரிக்கப் பாட்டின் செவ்வியல் என்று அந்நாடு போற்றுகின்றது. போட்டர் தொகுதியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணிக்காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையிலே 2003இல் சேர்த்துக்கொண்டது. 1959 மே மாதத்தில் நடந்த முதலாவது கிராமி விழாவில், பேர்ளின் தொகுதிக்கு ஒன்றும் எலிங்டன் தொகுதிக்கு ஒன்றுமாக இரண்டு பரிசுகள் எலாவுக்குக் கிடைத்தன.

பிறர் சொல்லை இத்துணை போற்றியவருக்குச் சொல்லே கைவிட்ட ஒரு நாளும் வந்தது. 1960 பெப்ரவரி 13ஆம் திகதி ஜேர்மனியின் பேர்ளின் நகரிலே ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பாடிக்கொண்டிருந்தார். 'மக் த நைஃப்' என்னும் பாட்டு. 1928இல் அதே நகரத்து நாடக மேடையிலே பிறந்தது. நடுவழியில் அடிகள் மறந்து போயின. வேறொருவராயின் நாணி நின்றிருப்பர். எலாவோ தாளத்தை விடாமல், தாம் மறந்துபோனதையே பாட்டாக்கி, லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் கரகரத்த குரலையும் இடையிலே பாவனை செய்து, சிரித்தவாறே கரை சேர்ந்தார். அந்தப் பதிவுக்கும் கிராமி பரிசு கிடைத்தது. அப்பொலோ அரங்கிலே கால் கூசியபோது பாட்டைக் கொண்டு தப்பிய அதே சிறுமியைத்தான் பேர்ளினிலும் காண்கின்றோம்.

இறுதிக் காலத்தில் நீரிழிவு அவரை வாட்டியது. கண்ணொளி குன்றியது, 1993இல் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டன. 1996 ஜூன் 15ஆம் திகதி கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரிலே காலமானார். அவருக்கு அப்போது வயது எழுபத்தொன்பது.

இத்தொகுதிகள் இன்று தட்டுகளாக மட்டுமின்றிக் கைத்தொலைபேசியிலும் கேட்கக் கிடைக்கின்றன. நேயர்களுக்கு நாம் கூறும் யோசனை ஒன்று: எட்டையும் ஒரே மூச்சில் கேட்க முற்படாதீர்கள். கேர்ஷ்வின் தொகுதியிலிருந்து ஒரு பாட்டை எடுங்கள். முதன்முறை மெட்டை மாத்திரம் கேளுங்கள். இரண்டாம் முறை சொல்லைக் கேளுங்கள். மூன்றாம் முறை, நான்காவது கூறிலே வீடு திரும்பும்போது அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வீட்டிலே பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். அவர்களுடைய செவி நம்முடையதிலும் கூர்மையானது.

நம் நண்பர் அன்று நான்கு முறை கேட்டார். கிளிப்பிள்ளையைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று, "அந்தத் தட்டை இரண்டு நாளைக்கு இரவல் தருவீர்களா?" என்று மாத்திரம் கேட்டார். கொடுத்தோம். இன்னும் திரும்பி வரவில்லை.